மு என்னும் எழுத்து

'மு' மக நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்துக்குரிய எழுத்து. 27 நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக 108 எழுத்துகளை ஜோதிடம் பங்கிட்டிருக்கிறது. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங', அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண'. இவ்விரண்டிலும் பெயர் தேடும் தமிழ்ப் பெற்றோருக்குப் பிள்ளையின் காதுகுத்து வரை வேலை இருக்கும்.

'மு'வுக்கு அந்தச் சிரமமில்லை. முத்து, முருகன், முகுந்தன் என வரிசை நீளம். முடிசூடும் பெருமாள் என்றும் வைக்கலாம். பொருள், மகுடம் அணியும் திருமால். ஆனால் 1809இல் நாஞ்சில் நாட்டுச் சாஸ்தாங்கோயில்விளையில், இன்றைய சாமித்தோப்பில், பொன்னுமாடன் - வெயிலாள் இணையர் தம் மகனுக்கு இப்பெயரிட்டபோது மேல்சாதியார் கொதித்தார்கள். பனையேறும் குலத்துக்குப் பெயரளவில்கூட முடி ஆகாதாம். திருவிதாங்கூர் சமஸ்தானமே ஒரு தொட்டில் பிள்ளையின் மகுடத்துக்கு அஞ்சியது. பிள்ளை முத்துக்குட்டி ஆனான். முதலெழுத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். ஜோதிடத்தின்மேல் அவ்வளவு மரியாதை போலும்.

வளர்ந்து அய்யா வைகுண்டர் ஆனவர், வழிபட வரும் ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும் என்றார். சாமித்தோப்பில் இன்றும் அதுவே நடைமுறை.