இன்னும் ஒரே ஒரு பாடம்

தாமாகவே நிரல் எழுதக் கற்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி எப்போதும் அடுத்த பாடத்தில்தான் இருக்கும். பைத்தான் முடிந்தால் ஜாவாஸ்கிரிப்ட், அது முடிந்தால் ரியாக்ட். அதற்குள் ரியாக்டுக்குப் புதுப் பதிப்பு வந்துவிடும், மறுபடி பிள்ளையார் சுழி. கல்யாணத்துக்குக்கூட யாரும் இத்தனை பொருத்தம் பார்ப்பதில்லை.

ஆள் தேடுபவர்களின் அளவுகோலோ இன்னும் அழகு. 2020இல் ஒரு வேலை விளம்பரம் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற பைத்தான் கருவியில் 4 ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் கேட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், தன்னாலேயே விண்ணப்பிக்க முடியாது என்று ட்விட்டரில் எழுதினார். அது பிறந்தே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது! மேக் கணினிக்காரர்கள் பலர் தினமும் புழங்கும் ஹோம்புரூ என்ற மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹவலுக்கு 2015இல் கூகுள் வேலை கிடைக்கவில்லை. பலகையில் பைனரி மரத்தைத் தலைகீழாக்கத் தெரியாததே காரணம் என்று அவரே புலம்பினார். (அந்த மரத்தை வேலையில் சேர்ந்தபின் யார் திருப்புகிறார்கள் என்று கேட்காதீர்கள்.)

ஆகவே தகுதிச் சான்றிதழை ஆள் தேடுபவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் எழுதிய செயலியை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா? அது படுத்துக்கொண்டால், வீடியோவைத் தேடாமல் பிழைச் செய்தியைப் படித்து எழுப்பிவிடுகிறீர்களா? ஆறு மாதத்துக்கு முன் எழுதிய நிரலைப் பார்த்தால் கூசுகிறதா? அப்படியானால் கிட்ஹப் முகவரியைச் சேர்த்து விண்ணப்பத்தை இன்றே அனுப்புங்கள். அடுத்த பாடத்தைச் சம்பளத்தோடு படிக்கலாம்.