அத்தைக்கு மீசை முளைத்தால்

ஏப்ரல் கடைசியில் சேர்வராயன் மலைக் கொட்டச்சேட்டு டீக்கடை பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தால், காப்பித் தோட்டத்துக் கூலிக் கணக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அது ஐபிஎல் ரன் ரேட். சென்னை அணி புள்ளிப் பட்டியலில் ஆறாவது இடத்துக்கு இறங்கிய மறுநாள் காலையில் இந்தக் கணக்கப்பிள்ளை உதயமாகிறார். அணி முதலிடத்தில் இருக்கும்வரை அவரை யாரும் சீண்டுவதில்லை, அவரும் பேசுவதில்லை. நான்காவது ஆட்டம் தோற்றதும் சட்டைப்பையிலிருந்து பேனா வெளியே வருகிறது. டீ ஆறுகிறது. 'நாம மிச்சம் மூணும் ஜெயிச்சு, டெல்லி ரெண்டு தோத்து, லக்னோவை ஐதராபாத் அடிச்சுட்டா போதுமுங்க' என்று ஆரம்பிக்கிறார். இவரை ரசிகர் என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. ரசிகருக்குச் சிக்ஸர் வேண்டும்; இவருக்கு 'ஆல்' விகுதி இருந்தால் போதும். ஜெயித்தால், தோற்றால், மழை பெய்தால்.

இந்த விகுதி மலையில் தானாக விளைவது. சேர்வராயனில் காப்பி வைத்திருப்பவரின் ஆண்டே இப்படித்தான் ஓடுகிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் பத்து நாளுக்குள் செடி வெள்ளையாகப் பூக்கும். பூத்தது பிஞ்சாக நிற்க இன்னொரு மழை வேண்டும். பிஞ்சு உதிராமல் இருந்தால், காட்டெருமை உள்ளே புகாமல் இருந்தால், மார்கழியில் பழம் பறிக்க ஆள் கிடைத்தால், அன்றைக்கு விலையும் நின்றால் லாபம். ஐபிஎல்லும் சரியாக இந்தப் பூ மழைப் பருவத்தில்தான் நடக்கிறது. இத்தனை 'ஆல்'களைத் தாண்டி ஒரு பழத்தைப் பார்க்கிறவருக்கு, ஐந்து அணிகள் ஒரே வாரத்தில் வசதியாகத் தோற்பது பெரிய விஷயமாகத் தெரியாது.

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று கேலி செய்வார்கள். நியாயமான கேலிதான். ஆனால் ஐபிஎல்லில் அத்தைக்கு மீசை முளைத்திருக்கிறது, அதுவும் முறுக்கிவிடும் அளவுக்கு. 2012-ல் சென்னை 17 புள்ளியோடு தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டு, கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தது. பெங்களூரு கடைசி ஆட்டத்தில் ஜெயித்திருந்தால் சென்னையின் கதை முடிந்தது. எதிரே, எப்போதோ வெளியேறிவிட்ட டெக்கான் சார்ஜர்ஸ். 132 ரன் எடுத்து, பெங்களூரை 123-ல் நிறுத்தியது. சென்னை பிளே-ஆஃப் உள்ளே போய் இறுதி ஆட்டம்வரை ஆடியது. (அடுத்த ஆண்டு டெக்கான் அணியே இல்லை, நன்றிக்கடன் தீர்க்கக்கூட ஆளில்லாமல் போயிற்று.) 2014-ல் ராஜஸ்தானைத் தாண்டி உள்ளே போக மும்பை 14.3 ஓவரில் 190 எடுக்க வேண்டும் என்றபோது டீக்கடையே சிரித்திருக்கும். 14.3-ல் 189, ஸ்கோர் சமம். இனி அடுத்த பந்து பவுண்டரிக்குப் போனால் போதும் என்று மைதானத்திலேயே புதுக் கணக்குப் போட்டார்கள். ஆதித்ய தாரே அதைச் சிக்ஸருக்கே தூக்கினார். பொறுமைக்குப் பேர்போன டிராவிட், ராஜஸ்தான் பக்கத்தில் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இவ்வளவும் நடந்த பிறகு கணக்கப்பிள்ளையைப் பைத்தியம் என்று சொல்ல வாய் வருமா?

படிக்காதவர் போடும் கணக்கு என்பது அடுத்த குறை. இங்கேதான் அவர் ஆளை மடக்குவார். சேலத்தில் பொறியியல் படிக்கும் பையன் போனை எடுத்து 218-ஐ 18.1-ஆல் வகுத்தால், 'தம்பி, பதினெட்டு ஓவரும் ஒரு பந்தும்னா பாயின்ட் ஒண்ணு இல்லீங்க, ஆறிலே ஒண்ணு' என்பார். பதினைந்து ஓவரில் ஆல் அவுட் ஆன அணிக்கு இருபது ஓவரும் ஆடியதாகவே எழுத வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி. வகுத்தலில் தப்பே வராது. தப்பெல்லாம் வகுப்பதற்கு முந்திய வரியில். மிச்சம் பத்து ஆட்டம் என்றால், மழையை விட்டுவிட்டாலும், 1024 விதமாக முடியலாம். நம்மவர் அதில் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்திருக்கிறார். மற்ற 1023-ம் அவர் கணக்கில் வதந்தி.

பந்து வீச்சாளர் நடராஜன் விஷயத்தில் மட்டும் பேனா கொஞ்சம் தடுமாறியது. சின்னப்பம்பட்டிக்காரர், நம்ம சேலம் மாவட்டம், 2024 வரை ஆடியதோ ஐதராபாத்துக்கு. அவர் நான்கு விக்கெட் எடுக்க வேண்டும், ஐதராபாத் தோற்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிட்டு, கூச்சமில்லாமல் கோடு போட்டுக் கூட்டியவர் இவர்.

எல்லாம் தோல்வியை ஒத்திப்போடும் ஏமாற்று வேலை என்பவர்களுக்கு என் பதில் 2024 மே 18. பெங்களூரு சின்னசாமி மைதானம். ஜெயித்தால் சென்னை பிளே-ஆஃப் உள்ளே. மழை ஆட்டத்தைக் கொண்டுபோனாலும் உள்ளே. 17 ரன் வரைக்கும் தோற்றாலும் உள்ளே. தோற்றும் ஜெயிக்கலாம் என்ற வரம் கணக்கப்பிள்ளைக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. மூன்று ஓவரில் மழை வந்தபோது, தன் செடிக்குக்கூட அப்படி வேண்டியிருக்க மாட்டார். மழை விட்டது. பெங்களூரு 218, சென்னைக்கு 201 வந்தால் போதும். கடைசி ஓவரில் 17. தோனி முதல் பந்தை 110 மீட்டருக்கு அனுப்பினார், இரண்டாவதில் அவுட். 191-ல் நின்றது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் லட்சக்கணக்கானோர் எழுந்து போகாமல் பார்த்த ஓவர் அது. அந்த ஆறு பந்துக்கு அர்த்தம் கொடுத்ததே காலண்டர் தாள்தான்.

அவருக்கு உண்மையான சோதனை 2025-ல் வந்தது. ஏப்ரல் 30 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாபிடம் தோற்று, அந்த ஆண்டு முதலில் வெளியேறிய அணி சென்னை. மலையில் கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறும் முன்பே கணக்கை மூடியாயிற்று. பேனாவுக்கு ஓய்வு என்றுதான் ஊர் நினைக்கும். ஆனால் மே 25-ல் கடைசி ஆட்டம். சென்னை 230 அடித்து, குஜராத்தை 147-க்குச் சுருட்டி, 83 ரன்னில் ஜெயித்தது. அப்போது சென்னைக்கும் 8 புள்ளி, ராஜஸ்தானுக்கும் 8 புள்ளி. ரன் ரேட்டில் சென்னை கீழே. வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடம். இந்த மாதிரி ஆளுக்கு இது போதும். பழைய தாளைத் திருப்பி, குஜராத் 18.3 ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் இருபதாகவே எழுத வேண்டும் என்று பக்கத்து பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வகுத்து, நிமிர்ந்து பார்ப்பார்: 'இன்னுங் கொஞ்சம் இழுத்து அடிச்சிருந்தா ஒம்பதாவதுங்க.'