தீயணைப்பு ஆலோசகர்

சென்னையில் எந்தத் தெருவில் புகை கிளம்பினாலும் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் போய்ச் சேருகிற மனிதர் ஒருவர் உண்டு. அவரை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். வந்ததும் முதல் காரியமாக ஸ்கூட்டரை ஓரம் கட்டுவார். எந்த ஓரம்? வண்டி உள்ளே திரும்பவேண்டிய சந்து முனைதான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெருப்பை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "மின்கசிவு" என்பார்.

எரிவது குப்பைத்தொட்டியாக இருந்தாலும் மின்கசிவுதான். "அதுல ஏது சார் கரன்ட்டு?" என்று டீக்கடைப் பையன் கேட்டால், "பூமிக்கடியில கேபிள் போகுதுப்பா" என்று பதில் தயாராக இருக்கும். முதற்கட்ட விசாரணையில் மின்கசிவே காரணம் என்று மறுநாள் பேப்பரிலும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. அவரைப் பிடிக்க ஆளில்லை.

ஆலோசகர் தன் ஆயுளைத் தீ விபத்துகளை வைத்தே கணக்கிடுகிறவர். மவுன்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1975-இல் எரிந்தபோது அவருக்கு அரை டிராயர் வயது. மூர் மார்க்கெட் எரிந்த 1985-இல் கல்யாணம். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார், வீட்டம்மா பக்கத்தில் இருந்தாலும். மூர் மார்க்கெட்டில் அவர் பேரம் பேசி வைத்துவிட்டு வந்த பழைய புத்தகம் ஒன்றும் சாம்பலாகிப் போனதாம். சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறும்போதெல்லாம், "இங்கதான்" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டுவார். அந்தப் புத்தகத்தின் பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும்.

அவருடைய பொற்காலம் 2017 மே 31. தி.நகர் உஸ்மான் சாலையில் பெரிய துணிக்கடை ஒன்று பகலெல்லாம் எரிந்து, இரவிலும் அணையாமல், விடியற்காலையில் ஒரு பகுதி சரிந்து விழுந்ததே, அது. காலையில் டிபன் முடித்துக்கொண்டு போனவர், மத்தியானம் சாப்பிட மட்டும் வீட்டுக்கு வந்து திரும்பவும் போனார். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டும்போது எப்படித்தான் நேரெதிரே வந்து நிற்பாரோ, "நேரில் பார்த்தவர்" என்று அவர் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. தீ பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மாம்பலத்தில் தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார் என்பது வீட்டம்மாவுக்குத் தெரியும்.

அவர் சொல்வதில் பாதி சரியாக இருந்து தொலைப்பதுதான் பெரிய தொந்தரவு. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டைப் போட்டு மூடு என்பார்; சரி. புகை சூழ்ந்தால் குனிந்து தவழ்ந்து வா, லிப்ட் பக்கம் போகாதே என்பார், அதுவும் சரி. அதே சூட்டோடு, "கேஸ் வாடை வந்தா உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுடணும், மேல போயிரும்" என்றும் சொல்வார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் ஃபேன் சுவிட்சைத் தட்டினால் அதில் தெறிக்கிற ஒரு பொறி போதும், மேலே போவது வேறு ஆளாக இருக்கும். எரிவாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றமெடுத்த சரக்கைச் சேர்க்கிறார்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் பிடித்துக்கொள்வார்: "அப்ப நாம காசு குடுத்து நாத்தம் வாங்கறோம்னு சொல்லுங்க!"

தீயணைப்பு வீரர்கள் வந்து குழாயை உருட்டி விரித்ததும் அவருக்குக் குரல் ஏறும். அவர்கள் தீயின் அடியில் பீய்ச்சினால், "மேல அடிங்க, மேல!" என்பார். மேலே அடித்தால், "ஒரு லாரித் தண்ணி இன்னிக்கு என்ன விலை விக்குது, இப்படியா வீணாக்கறது?" என்று மனம் வெதும்புவார். முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் கவசமுமாக உள்ளே நுழைகிறவருக்கு இது எதுவும் காதில் விழாது. அந்தக் கவசத்தின் பயன்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவு செய்பவர் 101-க்குப் போன் போட மாட்டாரா? செல்போன் கையில்தான் இருக்கும், படம் எடுத்துக்கொண்டு. "யாராவது சொல்லிட்டீங்களாப்பா?" என்று கூட்டத்தைப் பார்த்து அதட்டுவார். கூட்டமும் அவரைப் போலவே யாராவது சொல்லியிருப்பார்கள் என்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரே ஒரு தடவை அவரே கூப்பிட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"எந்த இடம் சார்?"

"இடம் இருக்கட்டும், ஆறு மாசமாவே நான் சொல்லிட்டிருக்கேன், அந்த மீட்டர் பாக்ஸ்..."

"அட்ரஸ் சொல்லுங்க சார்."

"அதைத்தான் சொல்ல வரேன். ஓனர் ஊர்ல இல்ல. மூத்த பையன் துபாய்ல..."

அதற்குள் எதிர்வீட்டு அம்மாள் தன் போனில் கதவு எண், தெரு, பக்கத்திலிருக்கிற பிள்ளையார் கோயில் என்று மூன்று விவரத்தைச் சொல்லி வைத்துவிட்டு, குழந்தைகளைக் கீழே இறக்கப் போய்விட்டாள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இலிருந்து ஒரு வாரம் தீயணைப்புத் துறையினர் குடியிருப்புகளுக்கு வந்து செயல்முறை விளக்கம் காட்டுவார்கள். எங்கள் அடுக்ககத்துக்கும் வந்தார்கள். 1944-இல் இதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் எரிந்து வெடித்ததையும், அதை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் இறந்ததையும் நிலைய அலுவலர் சொன்னார். கூட்டம் அமைதியானது. "கப்பல்ல தங்கக் கட்டியும் இருந்துது, அதைச் சொல்லாம விட்டுட்டீங்க" என்றார் ஆலோசகர். அதுவும் உண்மைதான்.

பிறகு ஒரு தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைத்தார்கள். யாராவது வந்து அணைத்துப் பாருங்கள் என்று அலுவலர் சொன்னதும் முன்னால் போனவர் யாரென்று சொல்லவேண்டியதில்லை. சிவப்பு சிலிண்டரைக் கையில் கொடுத்து, "பின்னை இழுத்துட்டு, தீயோட அடியில குறி வெச்சு, கைப்பிடியை அமுக்கி, இடமும் வலமுமா வீசுங்க சார்" என்றார் வீரர். அதிலிருக்கிற பொடி, பீய்ச்ச ஆரம்பித்தால் சில விநாடிகளுக்குமேல் தாங்காது. ஆலோசகரின் முதல் வாக்கியமே அதைவிட நீளம்.

இது ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டதா, போன வருஷம் நிரப்பினதா, இந்தப் பொடி துணியில் பட்டால் கறை போகுமா, எல்.ஐ.சி. எரிந்தபோது இதெல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டே சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீரர் பொறுமையாகப் பதில் சொன்னார். அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊற்றின டீசல் எரிந்து தீர்ந்து, தட்டில் தீ தானாகவே அணைந்தது.

பின்னை இழுக்காத சிலிண்டரோடு ஆலோசகர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, கன்ட்ரோலுக்கு வந்துடுச்சு."