ஜாதகம் எழுதாத பிள்ளை

அமெரிக்க தேசத்தில் 2003ஆம் ஆண்டு மாடலாக வந்த ஹம்மர் எச்2 என்னும் பிரம்மாண்டமான வாகனத்தின் கண்ணாடியில், சாதாரணக் கார்களுக்கெல்லாம் ஒட்டப்படும் மைலேஜ் சீட்டு ஒட்டப்படவேயில்லை. ஏனெனில், பாரத்தோடு சேர்ந்த அனுமதி எடை 8,500 ராத்தலைத் தாண்டிய வண்டிக்கு அந்த நிர்ப்பந்தம் அக்காலத்துச் சட்டத்தில் இல்லை, எச்2வின் அனுமதி எடையோ 8,600 ராத்தல். ஜாதகமே எழுதாத பிள்ளைக்கு ஏழரைச் சனி ஏது?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது பௌதிக சாஸ்திரம். பீரோவை நிமிர்த்தி வைத்து இழுத்துச் செல்வது போன்ற அவ்வண்டி, மேடுபள்ளமறியாத நெடுஞ்சாலையிலும் நாலு சக்கரங்களையும் சிரத்தையாக முடுக்கிக்கொண்டு, காலனுக்குச் சுமார் பத்து மைல், அதாவது லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம், என்று ஓடிற்று. அதன் 32 காலன் தொட்டியை நிரப்ப வந்த பிரபு, பம்பில் எண்கள் சுழல்வதைப் பார்க்கச் சகியாமல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து முடித்துத் திரும்பினாலும், எண்கள் சுழன்றுகொண்டேயிருக்கும்.

துடைத்த கை வலிக்காமலிருக்கச் சர்க்காரும் உபகாரம் செய்தது: 6,000 ராத்தலுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கென்று வாங்கியதாகக் காட்டினால், 2003இல் ஒரு லட்சம் டாலர் வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். எச்2வின் அப்போதைய விலை ஏறக்குறைய ஐம்பதாயிரம் டாலர்.