தவணை வெள்ளாமை

வா கண்ணு, உக்காரு. கோயமுத்தூர்க் கம்பெனி வேலைய உதறிட்டு ராசிபுரத்துக்கே வெள்ளாமை பண்ண வந்துட்டயாமா. குச்சிக்கெழங்கு நடலாமா, மஞ்ச போடலாமான்னு கேக்கற. ரெண்டும் வேண்டாஞ் சாமி. கெழங்குன்னா பத்து மாசம் காத்துக் கெடக்கோணும். மாவுப்பூச்சி வரும். அதுக்கும் தப்பிச்சு வெட்டி லாரில ஏத்துனா, சேகோ பேக்டரில மாவுப் பாயிண்டு கொறையுதும்பாங்க. நீ காயிதத்தப் பயிர் பண்ணு.

பி.எம். கிசான்னு 2019 பிப்ரவரில ஆரம்பிச்சாங்கல்ல, வருசத்துக்கு 6,000 ரூவா, நாலு மாசத்துக்கொருக்கா 2,000. நாளைக்குப் பதினாறு ரூவாச் சொச்சம் விழுகுது. ஒரு டீ குடிக்கலாம். நின்னுக்கிட்டே குடிச்சிரு, உக்காந்தா ரெண்டாவது டீயும் சொல்லத் தோணும்.

இந்த வெள்ளாமைக்கு மழை வேண்டியதில்ல, மேட்டூர் தொறக்க வேண்டியதில்ல. பட்டா உம் பேர்ல இருந்தாச் செரி. நம்ம மேக்கால காட்ட வாரத்துக்கு ஓட்டறானே, நடுச்சாமத்துல கரண்டு வந்தா மோட்டார் போட ஓடறவன், அவனுக்கு நயாப்பைசா கெடையாது. மெட்ராசுல பன்னண்டாவது மாடில செம்பருத்திச் செடிக்குத் தண்ணி ஊத்தறவன் பேர்ல இங்க பட்டா இருந்து, அவன் வருமான வரியும் கட்டாம இருந்தா, அவன் விவசாயி. போன வருசம் நீ வரி கட்டுனயா? கட்டுனயா! அங்கயே ஒரு கோட்ட உட்டுட்டயே.

சொந்தமாக் காடு வாங்கிக்கறேங்கற. வாங்கு, ஆனா 2019 பிப்ரவரி 1-க்கு அப்பறம் வெலைக்கு வாங்குன காடு இதுல சேராது. காட்டுக்காரன் செத்து வாரிசா வந்தா மட்டும் உண்டு. என்ன அப்படிப் பாக்காத கண்ணு, 2,000 ரூவாய்க்கெல்லாம் நான் போறதா இல்ல. போன ஐப்பசில நான் ரெண்டு நாள் இருமுனதுக்கே, வி.ஏ.ஓ. என்னைக்கு ஆபீசுல இருப்பாருன்னு உங்க மாமன் விசாரிச்சுட்டு வந்துட்டான்.

காடே இல்லாம வாங்குனவங்களும் இருக்கறாங்க. 2020-ல, கொரோனா நேரத்துல, ஆபீசருங்க பாஸ்வேர்டு புரோக்கருங்க கைக்குப் போயி, யூரியா போடாமயே தமிழ்நாட்டுல அஞ்சு லட்சத்துக்கு மேல புது விவசாயிக மொளச்சாங்க. பக்கத்துச் சேலம் ஜில்லாவுலயுந்தான். 110 கோடிக்கு வெளஞ்சு நின்னுச்சு. அறுக்க வந்தது சி.பி.சி.ஐ.டி. போலீசு. பாவம், பாதிப் பேருக்கு எதுக்குப் பணம் வந்துச்சுன்னே தெரியாது. கொரோனாப் பணமுன்னு நெனச்சு வாங்கிச் செலவு பண்ணிட்டு, அப்பறம் திருப்பிக் கட்டச் சொன்னப்ப முழிச்சாங்க.

முக்கியமானது வெரலு. தவணை நிக்காம இருக்க கே.ஒய்.சி. பண்ணோணும்னாங்க. இ-சேவை மையத்துல மிசின்ல பெருவெரல வெச்சேன், ரேகை விழுகல. கடலை புடுங்கி, மம்பட்டி புடிச்சு வழுவழுன்னு தேஞ்சு கெடக்குது. அந்தப் புள்ள ஈரத்துணில தொடச்சு உட்டுச்சு, தலைல தேச்சுட்டு வெய்யிங்க தாத்தான்னுச்சு, பத்து வெரலையும் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தாச்சு. மிசினு என்னை விவசாயின்னு ஒத்துக்கவே இல்ல. பின்னால வேற சோலியா வந்த ரிட்டயர்டு வாத்தியாரு வெரல வெச்சாரு, பட்டுன்னு எடுத்துக்குச்சு.

உன்னோடது கம்ப்யூட்டர் தட்டுன வெரலு, ரேகையெல்லாம் அப்படியே இருக்குது. வெள்ளாமைன்னு எறங்கி அதக் கெடுத்துக்காத. எங்க, அந்த மம்பட்டிய இங்க குடு.