பாட்டர் சுரம்: நோய்முதல், குறிகுணம், பத்தியம்

சித்த மருத்துவம் மனித உடம்புக்கு வரும் நோய்களை 4,448 என்று எண்ணி வைத்திருக்கிறது. சுரத்தில் மட்டும் 64 வகை. இத்தனை நுட்பமாகப் பகுத்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்: ஒன்பது வயதுப் பிள்ளையை நள்ளிரவில் புத்தகக் கடை வாசலில் நிறுத்தி, விடியும்வரை கண்ணயரவிடாமல் செய்து, யார் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்று மட்டும் சொல்லவைக்கும் சுரம். சித்தர்கள்மேல் குற்றமில்லை. அந்நோய் 1997 ஜூன் 26 அன்றுதான் லண்டனில் வெளியானது. அதை 65ஆவது சுரமாகச் சேர்க்கவேண்டிய நியாயங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் வேலை.

பாட்டர் சுரமாவது யாதோ எனின், ஜே. கே. ரௌலிங் என்பார் இயற்றிய ஹாரி பாட்டர் கதைகள் ஏழனுள் ஏதேனும் ஒன்றைத் தீண்டிய சிறார்க்கு உண்டாகும் ஒருவகை மெய்ம்மறதி என்க. ‘சிறார்க்கு’ என்றதனால் பெரியோர்க்கு ஒன்றும் வாராது போலும் என்று கொள்ளற்க. அவர்க்கு வருவது வேறொன்று. அது போகப்போகத் தெரியும்.

முதலில் ஆய்வுமுறை. நோயை ஆராய்வோர் நோயாளியை விசாரிப்பது வழக்கம். இந்நோயில் அது நடவாது. சாப்பிட்டாயா என்றால் ‘ம்’. சாப்பிடவில்லையா என்றாலும் ‘ம்’. விளக்கை அணைக்கட்டுமா என்றால் மட்டும் முழு வாக்கியம் வருகிறது, அதுவும் ஆய்வுக்குப் பயன்படாத வாக்கியம். எனவே வெப்பமானியைப் பிள்ளையின் நாக்கடியில் வைப்பதில் பயனில்லை என்றும், பக்கத்தில் நிற்கும் பெரியவரின் நாக்கடியில் வைத்தாலே சரியான அளவு கிடைக்கும் என்றும் இவ்வாய்வாளர் கண்டறிந்தார். இனி வரும் தரவுகள் அனைத்தும் அவ்வாறு எடுக்கப்பட்டவையே.

நோய்முதலுக்கு வருவோம். கையெழுத்துப்படி ஒரு டஜன் பதிப்பகங்களுக்குப் போய்த் திரும்பியது என்பது பலரும் அறிந்த செய்தி. படித்தவர்கள் அனைவரும் வளர்ந்தவர்கள். நோய் எதிர்ப்பு நிரம்பியவர்கள். ப்ளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர் நைஜல் நியூட்டன் மட்டும் முதல் அத்தியாயத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தம் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மகள் வந்து மீதி எங்கே என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, அதற்குப் பிறகும் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். முதல் நோயாளி யார் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரியும் கொள்ளைநோய் மருத்துவ வரலாற்றில் அரிது.

பெரியவர்கள் தம்மாலான தடுப்பு நடவடிக்கையை எடுத்தார்கள். பெண் எழுதியதென்றால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று பதிப்பகத்துக்கு ஓர் அச்சம். ஜோன் என்ற பெயர் முதலெழுத்தாகச் சுருங்கியது. ஓரெழுத்து போதாது என்று தோன்றியது போலும். ரௌலிங்குக்கு நடுப்பெயர் இல்லாததால் பாட்டி கேத்லீனிடமிருந்து ‘கே’ கடனாக வந்தது. முதற்பதிப்பில் கெட்டி அட்டைப் பிரதிகள் 500 மட்டும். அவற்றில் 300 நூலகங்களுக்குப் போயின. இங்கேதான் தவறு நடந்தது. ஒரு பொருளை இருபது வீட்டுக்குள் கொண்டுபோய், இருபது தலையணை அடியில் வைத்து, வாராவாரம் அடுத்த பிள்ளையிடம் ஒப்படைக்க அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் இடத்துக்கு நூலகம் என்று பெயர். தொற்றுநோயைப் பரப்ப இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எதிரி நாடுகூடச் செய்ய முடியாது. அவ்வாண்டே சிறார் வாக்களிக்கும் ஸ்மார்ட்டீஸ் பரிசு இந்நூலுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு இரண்டாம் நூலுக்கு. அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் நூலுக்கு. அதன்பின் ரௌலிங் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார்.

மூன்றாம் நூல் 1999 ஜூலை 8 அன்று பிரிட்டனில் விற்பனைக்கு வந்த நேரம், பிற்பகல் 3.45. இந்த ‘3.45’ஐ ஆய்வுலகம் இதுவரை உரிய கவனத்துடன் நோக்கவில்லை. காலையில் கடை திறந்ததும் விற்றால் பிள்ளைகள் பள்ளிக்குப் போகமாட்டார்கள் என்று பயந்து, கடைசி மணி அடித்த பிறகே புத்தகம் வெளியே வரலாம் என்று வைத்த நேரம் அது. ஒரு நாட்டின் புத்தக வணிகம் முழுவதும் பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டு நின்றது. மறு ஆண்டு நான்காம் நூலுக்குச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள்: விற்பனையை நள்ளிரவுக்கு மாற்றினார்கள். பள்ளி பிழைத்தது, தூக்கம் போயிற்று. அங்கியும் கூம்புத் தொப்பியும் அணிந்த பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றோர் வரிசையில் நிற்கும் வழக்கம் அப்போது தொடங்கியது. 2007இல் ஏழாம் நூல் வெளியானபோது பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக ஒரே நாளில் சுமார் 1.1 கோடிப் பிரதிகள் விற்றன.

அமெரிக்கப் பெரியவர்களின் வெப்பநிலை 2000 ஜூலையில் பதிவாயிற்று. நியூயார்க் டைம்ஸ் இதழின் விற்பனைப் பட்டியலில் முதல் மூன்று நூல்களும் உச்சியில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தன. நான்காவதும் வரப்போகிறது என்ற நிலையில், பெரியவர்களுக்கு எழுதுவோர் இடமின்றித் தவிப்பதைப் பொறுக்காமல், சிறார் நூல்களுக்கென்று தனிப்பட்டியலே உண்டாக்கிவிட்டார்கள். விருந்தில் பிள்ளைகளைத் தனிப் பந்தியில் உட்காரவைக்கும் வழக்கம் அங்கும் உண்டு என்று தெரிகிறது.

இனிக் குறிகுணம். இங்கு ஆதாரம் வளமாக இருப்பதால் சற்றுத் தங்கிச் செல்வோம்.

பிரிட்டன் பதிப்புகளின் பக்கக் கணக்கு இது: முதல் நூல் 223, அடுத்தவை 251, 317, 636, ஐந்தாவது 766. இவ்வளர்ச்சியின் உடல்விளைவை முதலில் கண்டவர் வாஷிங்டனைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர். ஐந்தாம் நூல் வெளிவந்த 2003இல் மூன்று பிள்ளைகள் தலைவலியோடு அவரிடம் வந்தார்கள். விசாரித்ததில் மூவரும் 870 பக்க அமெரிக்கப் பதிப்பில் மூழ்கியிருந்தது தெரிந்தது. புத்தகத்தைக் கொஞ்சநாள் மூடிவைக்கச் சொன்னார். இருவர் மறுத்து, மாத்திரையே போதும் என்றார்கள். புத்தகம் முடிந்த ஓரிரு நாளில் மூவருக்கும் வலி தீர்ந்தது. இதை அவர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுத, அதுவும் அச்சாயிற்று. பக்கங்கள் இப்படியே பெருகினால் தலைவலி கொள்ளைநோயாகும் என்று அவர் எச்சரித்தார். அடுத்த இரு நூல்களும் 607 பக்கத்தோடு நின்றுகொண்டன. எச்சரிக்கையால் குறைந்தது என்று நிறுவச் சான்றில்லை. குறையவில்லை என்று நிறுவவும் சான்றில்லை. ஆய்வுக்கு இதுவே போதும்.

அடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு. ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்கள் சிலருக்கு ஓர் ஐயம். கோடைக்கால வார இறுதிகளில் மரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழுந்து அவசரப் பிரிவுக்கு வரும் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சில நாளில் மட்டும் எங்கே போனார்கள்? மூன்றாண்டுப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். வழக்கமான வார இறுதியில் சராசரி வருகை 67.4. ஐந்தாம் நூல் வெளியான வார இறுதியில் 36. ஆறாம் நூல் வெளியான வார இறுதியில் 37. மழை பெய்து பிள்ளைகள் வீட்டிலிருந்திருக்கலாமே என்று கேட்பாரும் உளர். அற்றன்று. வானிலைப் பதிவையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். பிரிட்டன் மருத்துவ இதழின் 2005 கிறிஸ்துமஸ் மலரில் இம்முடிவு வந்தது. எலும்பு முறிவைத் தடுப்பதற்கென்றே நல்ல கதை எழுதும் எழுத்தாளர் குழு ஒன்றை அமைக்கலாம் என்று பரிந்துரைத்த அவ்வறிஞர்கள், பிள்ளைகள் இப்படி உட்கார்ந்தபடியே இருந்தால் உடல் பெருக்கவும், வெயில் படாமல் எலும்பு வளையவும் கூடும் என்று பக்கவிளைவையும் குறித்தார்கள். முறிந்த எலும்பா, வளைந்த எலும்பா? எலும்பு மருத்துவருக்கு இரண்டிலும் நட்டமில்லை என்பதை இவ்வாய்வாளர் பணிவுடன் சேர்த்துக்கொள்கிறார்.

நீதிமன்றமும் இந்நோயைக் கவனித்திருக்கிறது. 2005இல் ஆறாம் நூலின் 14 பிரதிகளைக் கனடாவில் ஒரு கடை தேதிக்கு முன்பே தவறுதலாக விற்றுவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது: வாங்கியவர்கள் கதையை யாருக்கும் சொல்லக்கூடாது, நகலெடுக்கக்கூடாது, குறித்த நாள் வரும்வரை படிக்கவும் கூடாது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் படிக்காதே என்று ஒரு நீதிமன்றம் சொன்னதற்கு முன்னுதாரணம் தேடுவது சட்ட மாணவர்களின் பாடு. போர்வைக்கடியில் டார்ச் விளக்கோடு கிடக்கும் பிள்ளையிடம் இவ்வாணையை எப்படிச் சார்வு செய்வது என்பது அமீனாக்களின் பாடு.

பத்தியமும் மருந்தும் பல முயன்று பார்க்கப்பட்டன. மந்திரம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெற்றோரும் சமயப் பற்றாளரும் எழுப்பிய ஆட்சேபங்களால், 2000 முதல் 2009 வரை அமெரிக்க நூலகங்களில் அதிகமாக எதிர்க்கப்பட்ட நூல்களில் பாட்டர் வரிசைக்கே முதலிடம் என்று அமெரிக்க நூலகச் சங்கம் பட்டியலிட்டது. அலமாரியை விட்டு அகற்றச் சொன்ன புத்தகத்தைத் தேடிப் படிக்காத பிள்ளை உலகில் எங்காவது உண்டா என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்னொரு சாரார் தந்திரமாக நோயைப் பயன்படுத்திக்கொள்ள முயன்றார்கள். ஈட்டன் பள்ளியில் ஆசிரியராயிருந்த பீட்டர் நீதம் முதல் நூலை லத்தீனுக்குப் பெயர்த்தார். 2003இல் அது வந்தது. மறு ஆண்டு பண்டைய கிரேக்கத்திலும் வந்தது. விளக்கெண்ணெயைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பாட்டி வைத்தியம் என்று இதைக் கொள்ளலாம்.

இலக்கியத் திறனாய்வாளர் ஹாரல்ட் ப்ளூம் 2000இல் எழுதிய கட்டுரையில், மூன்றரைக் கோடிப் பேர் புத்தகம் வாங்கிவிட்டால் அது தவறாக இருக்க முடியுமா என்று தலைப்பிலேயே கேட்டு, முடியும் என்று தலைப்பிலேயே பதிலும் சொன்னார். நடை தேய்ந்த நடை என்பது அவர் தீர்ப்பு. அதில் உண்மை இல்லாமலில்லை என்பது இவ்வாய்வாளரின் தாழ்மையான கருத்து. ஆனால் தேய்ந்த பாதையில்தான் பிள்ளைகள் தடுக்கி விழாமல் ஓடுகிறார்கள். மேற்சொன்ன எலும்பு மருத்துவர்களின் கணக்கும் அதை மறுக்கவில்லை.

இனிப் பெரியவர்க்கு வருவது. 1998லேயே ப்ளூம்ஸ்பரி முதல் நூலுக்கு இன்னோர் அட்டை போட்டது: ரயிலில் படிக்கும் கனவான்கள் கூச்சப்படாமலிருக்க, படம் குறைத்து, நிறம் அடக்கி. உள்ளே அதே கதை, அதே எழுத்து. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், கதையில் வரும் ஒன்பதே முக்கால் நடைமேடை என்று பலகை மாட்டி, பாதி சுவருக்குள் போன சாமான் வண்டியையும் பதித்து வைத்தார்கள். ரௌலிங் எழுதும்போது யூஸ்டன் நிலையத்தின் அமைப்பை மனத்தில் வைத்துக் குழப்பிக்கொண்டதாகப் பிற்பாடு சொல்லிவிட்டார். அதனால் வண்டி இடம் மாறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க நிற்கும் வரிசையில் தலை நரைத்தவர்களுக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் 2005இல் மாணவர்கள் துடைப்பத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு க்விடிச் ஆட்டத்தைத் தரையில் ஓடி ஆடத் தொடங்கினார்கள். கதையில் பறப்பார்கள்.

ஆனால் முற்றிய நிலை ஏலக்கூடத்தில்தான். அந்த 500 பிரதிகளில் ஒன்று 2021இல் 4,71,000 டாலருக்குப் போயிற்று. அவ்வச்சின் அடையாளங்களில் ஒன்று 53ஆம் பக்கத்தில் இருக்கிறது: ஹாரி பள்ளிக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வருகிறது. பிழை இருந்தால் விலை ஏறும். பிள்ளை படித்த தடம் இருந்தால் விலை இறங்கும். நூலக முத்திரை, மடிந்த மூலை, விரல் பட்ட பக்கம் எல்லாம் குறைபாடு என்றே விலைப்பட்டியலில் இடம்பெறும். இந்நூலை யாரும் தீண்டாமல் வைத்திருந்த வீட்டாரே இதனால் பெரும்பயன் அடைந்தார்கள்.

இந்தியப் பெரியவர்களின் நிலையையும் சேர்க்காவிட்டால் ஆய்வு முழுமையாகாது. ஹாரியிடம் ஹெட்விக் என்றொரு வெள்ளை ஆந்தை உண்டு. கடிதம் கொண்டுவந்து கொடுப்பது அதன் வேலை. 2010 நவம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆந்தை பரிசளிக்கும் விசித்திர ஆசைக்கு ஹாரி பாட்டர் காரணம் என்று கவலைப்பட்டார். அன்று வெளியான ஆந்தை வணிகம் பற்றிய அறிக்கையை எழுதிய பறவையியலாளர் அப்ரார் அகமதிடமே தோழி ஒருவர், தம் பத்து வயது மகனின் பாட்டர் பாணிப் பிறந்தநாள் விழாவுக்கு வெள்ளை ஆந்தை கிடைக்குமா என்று கேட்டிருந்தாராம். கேட்டது தாய் என்பதைக் குறித்துக்கொள்க.

செய்தித்தாள்கள் ஹாரியைப் பிடித்துக்கொண்டன. அறிக்கையின் உள்ளே இருந்தது வேறு. இந்தியாவில் காணப்படும் 30 வகை ஆந்தைகளில் 15 வகை திருட்டுச் சந்தையில் விற்பனைக்கு வருவதாகவும், அவற்றை வாங்குவோரில் முக்கியமானவர்கள் பில்லி சூனியக்காரர்களும் அவர்களை நம்புவோரும் என்றும், தீபாவளியை ஒட்டி ஆந்தைப்பலி கூடக்கூடும் என்று அஞ்சுவதாகவும் அது சொன்னது. ஆக, மந்திரம் மெய்யென்று நம்பி ஆந்தையின் கழுத்தை அறுப்போர் வளர்ந்தவர்கள். மந்திரம் பொய்யென்று தெரிந்தே கதை படிப்போர் சிறுவர்கள். அமைச்சர் கவலைப்பட்டது பின்னவரைப் பற்றி. இவ்விரண்டில் எதை 65ஆவது சுரம் என்று எண்ணுவது, எதை 66ஆவது என்று தள்ளுவது என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் உடன்பாடு எட்டவில்லை. இத்துறையில் ஆய்வாளர் இவர் ஒருவரே என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.