எழுத்துக்கு அளவெடுத்த காலம்

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு எழுத்தின் உருவம் தெரியாது. ‘ழ’ எப்படி வளைகிறது என்று அது பார்ப்பதில்லை. எழுத்து எவ்வளவு அகலம், கோட்டுக்கு மேலே எவ்வளவு உயரம், கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறக்கம் என்ற அளவுகள் போதும். அவற்றை வைத்தே வரியை மடக்கும், பத்தியை நிரவும், பின்னத்துக்குக் கோடு போடும். டொனால்டு கனூத் 1970களின் இறுதியில் கணிதப் புத்தகங்களை அழகாக அச்சிடுவதற்காகவே அதை உருவாக்கினார். அளவுகள் டிஎஃப்எம் என்ற தனிக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு இல்லாத எழுத்துரு டெக்கின் கண்ணில் படவே படாது.

தமிழ் எழுத்துருக்களோடு அந்தக் கோப்பு வரவில்லை. நாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போது நான் அரியலூர்ப் பக்கம் தமிழ்வழியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் அரியலூர் இருந்தது. 2001இல் தனியானது, 2002இல் மறுபடி சேர்ந்தது, 2007இல் மீண்டும் தனி மாவட்டமானது. வினாத்தாளின் தலைப்பில் மாவட்டத்தின் பெயர் மாறிமாறி வந்ததே தவிர, வினாத்தாள் தயாரான விதம் மாறவில்லை. பெரம்பலூரில் ஒரு டிடிபி சென்டரில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழை அடித்துத் தருவார்கள். சூத்திரம் வரும் இடங்களைக் காலியாக விட்டிருப்பார்கள். அங்கே கறுப்பு மைப் பேனாவால் நாங்கள் எழுதி ஜெராக்ஸ் எடுப்போம்.

கையால் போட்ட வர்க்கமூலக் குறியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேல்கோடு எக்ஸோடு நிற்கிறதா, ‘எக்ஸ் கூட்டல் 4’ முழுவதையும் மூடுகிறதா என்பது ஜெராக்ஸில் தேய்ந்துபோனால் கணக்கே வேறாகிவிடும். ஆங்கிலவழிப் பிள்ளைக்குத் துல்லியமாக அச்சான கணக்கு, தமிழ்வழிப் பிள்ளைக்கு மங்கலாக வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் டெக்கைத் தமிழுக்குக் கொண்டுவர உட்கார்ந்தேன்.

லினக்ஸோடு வந்த டெக் தொகுப்பில் டிடிஎஃப்2டிஎஃப்எம் என்ற கருவி இருந்தது. சன்னல் கிடையாது, பொத்தான் கிடையாது. கருப்புத் திரையில் கருவியின் பெயர், எழுத்துருக் கோப்பின் பெயர், குறியீட்டுக் கோப்பின் பெயர் என்று ஒரே வரியை அடித்து என்டர் தட்ட வேண்டும். அது எழுத்துருவைத் திறந்து ஒவ்வோர் எழுத்தையும் அளந்து கோப்பாக எழுதிவைக்கும். வேலை முழுவதும் அந்தக் குறியீட்டுக் கோப்பில்தான். டிஎஃப்எம்மில் 256 இடங்களே உண்டு. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று வரிவரியாக எழுத வேண்டும். திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறையில் கீழ்ப்பாதி 128 ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும், மேல்பாதி தமிழுக்கு. கணக்குத் தாளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அன்றைக்கு இல்லை. ஆனால் அக்கால எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் பெயரில் உள்ளே உட்கார்ந்திருந்தன. கருவிக்கு அந்தப் பெயர்தான் தெரியும். ஆகவே எந்தப் பெயருக்குள் எந்தத் தமிழ் எழுத்து இருக்கிறது என்று அச்சடித்துப் பார்த்துப் பட்டியல் போட்டேன்.

அடுத்த சிக்கல் தமிழுக்கே உரியது. டிஎஃப்எம் கோப்பில் உயரத்துக்கு 16 மதிப்புகள், இறக்கத்துக்கு 16 மதிப்புகள், அவ்வளவுதான். உயரத்துக்கென ஒதுக்கியது நான்கே பிட். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் கி, தீ ஆகியவற்றின் மேல்விலங்குகள் வெவ்வேறு உயரத்தில் முடியும். கு, கூ, மு, ஞூ ஒவ்வொன்றின் வாலும் வேறுவேறு ஆழத்துக்கு இறங்கும். எழுத்துகளின் இடமும் அளவும் உரையாக இருக்கும் மெய்நிகர் எழுத்துருக் கோப்பை விபிடுவிஎஃப் என்ற அடுத்த கருவிக்குக் கொடுத்தால், சில உயரங்களை இத்தனை அலகு கூட்டிக் குறைக்க வேண்டியதாயிற்று என்று திரையில் ஒரு வரி சொல்லும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் தமிழ் எழுத்து எவ்வளவு மேடுபள்ளம் உள்ளது என்பதை நான் கணக்காக உணர்ந்தேன். எங்கள் அரியலூர்ப் பக்கத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் குறில் நெடில் குழப்பம் தீர எகர ஒகரங்களில் செய்த சீர்திருத்தத்தைப் பள்ளியில் எல்லோரும் படிக்கிறோம். ஏகார ஓகாரங்களுக்கு அவர் தந்த இரட்டைக் கொம்புக்கும் என் கோப்பில் தனி இடம், தனி அகலம், தனி உயரம். எங்கள் மண்ணில் இருந்தவர் திருத்திய எழுத்தை எங்கள் மண்ணிலேயே அளக்கிறோம் என்ற பெருமிதம் எனக்கு உண்டு.

இன்று இந்த வேலையே தேவையில்லை. ஜானதன் கியூ 2004இல் வெளியிட்ட ஜீடெக், யூனிகோடு எழுத்துருவை நேராகத் திறந்து உள்ளே இருக்கும் அளவுகளைத் தானே படித்துக்கொள்கிறது. கொம்பை எழுத்துக்கு முன்னால் இழுத்து வைப்பதும் அதன் பொறுப்பு. 256 என்ற வேலியும் போயிற்று. புதிதாக வந்த ஆசிரியர்கள் ஒரே மாலையில் தமிழ்க் கணக்குத் தாள் தயாரிக்கிறார்கள். அதைப் பார்க்க நிறைவாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. அன்று கஷ்டமாக இருந்ததுதான் இன்று நிலைத்திருக்கிறது. கனூத் 1990இல் டெக்கில் இனிப் புது வசதி சேர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டார். பதிப்பு எண் மட்டும் திருத்தம் தோறும் ‘பை’யின் மதிப்பை நெருங்குகிறது. என் பழைய வினாத்தாள்களை இன்றைக்கு ஓட்டினாலும் வரிகள் அதே இடத்தில்தான் மடங்குகின்றன. சுலபமாக இருந்த பேஜ்மேக்கரோ 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. அந்தக் கோப்புகளை அதே தோற்றத்தில் திறக்க இன்று பெரும்பாலும் பழைய கணிப்பொறியைத் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தட்டச்சு எல்லோருக்கும் எளிதாகிவிட்ட காலத்தில் அளவு யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விட்டது. கைப்பேசிச் செயலிகளில் பொத்தானுக்குள் ‘கூ’வின் வால் அறுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘தீ’யின் தலை மேல்விளிம்பில் வெட்டுப்படுவதையும் பார்த்திருப்பீர்கள். எழுத்துருவில் எந்தக் குறையும் இல்லாதபோதும் இது நடக்கிறது. பெட்டியின் உயரத்தை ஆங்கில எழுத்தை வைத்தே முடிவு செய்திருக்கிறார்கள். எழுத்துருவுக்குள் வரி உயரத்துக்கென்றே எண்கள் இருக்கின்றன. அவற்றை எழுத்துரு வடிவமைப்பவர் ‘ஞூ’வையும் ‘ஸ்ரீ’யையும் அளந்து எழுத வேண்டும், செயலி செய்பவர் அவற்றை மதிக்க வேண்டும்.

ஆகவே கணிப்பொறி படிக்கும் பிள்ளைகள் வந்தால் டிடிஎக்ஸ் என்ற கருவியைக் காட்டுகிறேன். அதுவும் ஒரு வரிக் கட்டளைதான். எழுத்துருவை உடைத்து, படிக்கக்கூடிய உரையாக விரிக்கும். ஏற்றம், இறக்கம், ஒவ்வோர் எழுத்தின் அகலம் எல்லாம் எண்களாக வரிசையாக வரும். ‘ணௌ’ எவ்வளவு இடம் கேட்கிறது என்று கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கூட்டிவிட்டு அவர்களே அடுத்த எழுத்தைத் தேடுகிறார்கள்.